ஜன்னலோரம் உட்கார்ந்தவள்

அத்தைக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். போட்டோ பேச்சு வந்துவிட்டால் இன்னும் ஒரு முழம் நீளும். பிள்ளைகளின் முகத்தைப் படமாக வரைந்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பெற்றவர்கள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்தாலே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நின்றபடியே குனிந்து எடுத்திருப்பார்கள். தலை பூசணிக்காய், கால் தீக்குச்சி. செல்லம் பொங்கி முகத்துக்குப் பக்கத்தில் போனை நீட்டியிருப்பார்கள். மூக்கு மட்டும் முன்னால் வந்து நிற்கும். ஃபிளாஷ் போட்டு எடுத்தது என்றால் கேட்கவே வேண்டாம், வெள்ளையடித்த சுவரில் இரண்டு சிவப்புப் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். இதை வைத்து நான் பிள்ளையை வரைவதா சுவரை வரைவதா என்று வாடிக்கையாளர்களிடமே கேட்டுவிடுவாள். அப்படியும் அவர்கள் அவளை விட்டுப் போகவில்லை என்றால், அவள் கை அவள் வாயைவிட நல்ல கை என்று அர்த்தம்.

அதனால் முடிந்தவரை போட்டோவையும் தானே எடுத்துக்கொள்வாள். பிள்ளையை மாடி அறைக்கு வரவழைத்து ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைப்பாள். விளக்கை அணைத்துவிடுவாள், வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்தால்தான் கன்னம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியும். பிள்ளையின் கண் உயரத்துக்குத் தானும் தரையில் உட்கார்ந்துகொள்வாள். அறையின் மறு கோடியிலிருந்து கேமராவில் ஜூம் இழுத்து எடுப்பாள். சிரி என்று ஒருபோதும் சொல்ல மாட்டாள். பல்லைக் காட்டிக்கொண்டு எந்தப் பிள்ளை மணிக்கணக்கில் இருக்கும், படத்தில் மட்டும் வருஷக்கணக்கில் பல்லைக் காட்ட வேண்டுமா என்பது அவள் கட்சி. வாயை மூடி, கையை மடியில் வைத்து, அசையாமல் கொஞ்ச நேரம். அவ்வளவுதான்.

ஊரார் பிள்ளைகளையெல்லாம் வரைந்தவள், சொந்த அண்ணன் மகள் பட்டுவை மட்டும் வரையவில்லை. பட்டு ஏழு வயதில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அது நடந்து மூன்று வருஷம். ஒரு படம் வரைந்து கொடேன் என்று அண்ணி கேட்டபோதெல்லாம் அத்தைக்காரி அதே பதிலைத்தான் சொன்னாள்: நல்ல போட்டோ இல்லை. அது பொய்யும் இல்லை. பட்டு ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை. இருந்தவற்றில் முழு முகம் தெரிவது ஒன்றே ஒன்று, மஞ்சள் கவுனில், சாயங்கால இருட்டில், ஃபிளாஷ் அடித்து, பாதி கலங்கியது. அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். ஆனால் உள்ளதைச் சொன்னால், போட்டோ இல்லாதது அத்தைக்காரிக்குச் சௌகரியமாகவே இருந்தது. அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார அவளுக்குத் தைரியம் இல்லை.

அண்ணி ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அந்தத் தலையாட்டல்தான் அத்தைக்காரியை அறுத்தது. கல்யாணம் சரிப்படாமல் இரண்டு பெட்டியோடு வந்து நின்றவளை, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டவள் அண்ணி. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வரும் மாடி அறையை, துணி காயப்போட இடம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று ஒழித்துக் கொடுத்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு படம் வரைய முடியவில்லை.

வினை ஒரு காலை நேரத்தில் மாடியேறி வந்தது. பட்டுவின் தங்கை வாண்டு, பெயருக்கு ஏற்ற வாண்டு, அத்தை அறையில் எதைக் கவிழ்க்கலாம் என்று வந்தவள், களைத்துப்போய் ஜன்னல் ஸ்டூலில் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். டீ எடுத்து வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். வாண்டுவுக்கு அந்த மாதம்தான் ஏழு முடிந்திருந்தது.

"இப்ப வரையலாம்ல?" என்றாள் அண்ணி.

அத்தைக்காரி திரும்பிப் பார்த்தாள். கன்னம், தாடை, காதுக்குப் பக்கத்தில் சுருளும் முடி. தொழில்காரியின் கண் முந்திக்கொண்டது; தொழில்காரியின் வாய் அதற்கும் முந்திக்கொண்டது.

"வரையலாம் அண்ணி. முகவெட்டு அப்படியே இருக்கு. வெளிச்சம் எப்படி விழுதுன்னு இவளை உக்கார வெச்சு எடுத்துக்கலாம், கண்ணும் வாயும் பழைய போட்டோல பாத்துக்கலாம்."

வரைகிறவர்கள் செய்வதுதான் இது, புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அண்ணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொன்றும் கேட்டாள். பழைய போட்டோவில் இருக்கிற அந்த மஞ்சள் கவுன் இருக்கிறதா என்று. துணியின் நிறம் தாடைக்கு அடியில் ஏறும், வேறு நிறம் போட்டால் தோலின் நிறமே மாறிப்போகும் என்று பாடம் வேறு நடத்தினாள். கவுன் இருந்தது. அண்ணி அதை யாருக்கும் கொடுக்கவில்லை, துவைக்கவும் இல்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து அதை எடுத்து வந்தபோது இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாண்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா கவுனைப் போட்டுக்கொள்ளலாம், அத்தை அறையில் எல்லாரையும்போல் உட்காரலாம், முடிந்ததும் மிட்டாய். முதல் அரைமணி நேரம் நெளிந்தாள், குதித்தாள், முன்பல் இரண்டும் விழுந்த ஓட்டை வழியாக விசில் அடித்தாள். "வாயை மூடு, கையை மடியில வை" என்று அத்தைக்காரி வழக்கம்போல அதட்டினாள். அண்ணி ஒரு மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வாண்டு வாயை மூடிய அந்த நிமிஷம், அண்ணி மூச்சை இழுத்தது இருவர் காதிலும் விழுந்தது. வாண்டு ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் நெளியவில்லை.

போட்டோக்கள் நன்றாக வந்தன. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக வந்ததில்லை என்று அத்தைக்காரியே சொல்லிக்கொண்டாள். அண்ணி கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடைசிவரை போய், திரும்ப முதலிலிருந்து வந்தாள். அடுத்த வாரமும் எடுக்கலாமா என்று கேட்டாள். எடுத்து வைத்துக்கொண்டால் நல்லதுதானே என்று அத்தைக்காரி சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு வாண்டு வந்தபோது நெற்றியில் முடி வெட்டியிருந்தது, பட்டுவுக்கு வெட்டுகிறமாதிரி புருவத்துக்கு மேலே நேராக. அண்ணியே வெட்டிவிட்டிருந்தாள். முடியின் நிழல் நெற்றியில் விழ வேண்டும் என்று நீதானே சொன்னாய் என்றாள். அத்தைக்காரி எதற்கோ சொல்லியிருக்கவும் கூடும். அன்று அண்ணி மூலையில் உட்காரவில்லை. அத்தைக்காரிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள். நடுவில் ஒரு தடவை, வெகு இயல்பாக, அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"பட்டு, கொஞ்சம் இந்தப் பக்கம் பாரு."

வாண்டு பார்த்தாள்.

அத்தைக்காரியின் விரல் பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டது. எடுத்ததிலேயே நல்ல போட்டோ அதுதான். கண்மணியில் ஜன்னல் குட்டியாக, தெளிவாக விழுந்திருந்தது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிய பிள்ளையின் முகம் அதில் அப்படியே இருந்தது. இது போதும் அண்ணி, எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று கேமராவை மூடினாள்.

அண்ணி விடவில்லை. கன்னத்தில் நிழல் சரியாக விழவில்லையே என்றாள். மேகம் மூடிவிட்டது, வெளிச்சம் தட்டையாக இருக்கிறது, தோளை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டும் என்றாள். எல்லாம் அத்தைக்காரி வாடிக்கையாளர்களிடம் அளக்கும் அளப்பு. அவள் வார்த்தையே அவள் கழுத்தைப் பிடித்தது. இல்லை என்று எப்படிச் சொல்வாள்? வெளிச்சம் தட்டையாகத்தான் இருந்தது.

இப்படியே வாரங்கள் ஓடின. இப்போது ஞாயிறு மட்டும் இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்த சாயங்காலங்களிலும் மாடிப்படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அத்தைக்காரி பயப்பட ஆரம்பித்தாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் ஒரு நாள் நடித்துப் பார்த்தாள். வெளியே அவர்கள் தட்டவில்லை, பேசவும் இல்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார்கள். மாடியில் வேறு வழி கிடையாது. கடைசியில் அவளே எழுந்து திறந்துவிட்டாள்.

வாண்டு மாறிப்போனாள். ஓடுவதில்லை. எதையும் கவிழ்ப்பதில்லை. வாயைத் திறக்காமல் உதட்டுக்குள்ளேயே பேசினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், பாட்டு வகுப்பில்கூட வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று சொல்லி அனுப்பினார். ஒரு நாள் தனியாக மேலே வந்து, ஸ்டூலில் தானாகவே உட்கார்ந்து, பட்டு அக்காவுக்குக் கணக்கு வருமா என்று கேட்டாள். வரும் என்றாள் அத்தை. இருட்டு என்றால் பயமா என்று கேட்டாள். பயம் இல்லை என்றாள் அத்தை. கத்திரிக்காய் சாப்பிடுவாளா என்று கேட்டாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டாள். அத்தைக்காரிக்குப் பொறுக்கவில்லை. உனக்கு எதுக்குடி இதெல்லாம், இனிமேல் உட்கார மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடு, நான் இருக்கிறேன் என்றாள்.

வாண்டு தலையை ஆட்டினாள். "வேணாம் அத்தை. இங்க உக்காந்தாதான் அம்மா என்னையே பாத்துக்கிட்டு இருக்கா."

அன்று அத்தைக்காரி நேராக அண்ணனிடம் போனாள். அண்ணன் நல்லவன்தான். ஆனால் வீட்டில் எது நடந்தாலும் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுகிற நல்லவன். அவள் கொட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தாளை மடித்து வைத்தான்.

"மூணு வருஷமா ஒழுங்கா சாப்பிடாதவ இப்ப சாப்பிடுறா. தூங்குறா. நேத்து பாட்டுகூட முணுமுணுத்தா. நீ ஏதாவது சொல்லி அதைக் கெடுத்துடாத."

அவன் கண் கலங்கியிருந்தது. அவளால் மேற்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை. இந்த வீட்டில் தான் யார், என்ன உரிமையில் பேசுவது என்ற பழைய கூச்சமும் சேர்ந்துகொண்டது. எடுத்தெறிந்து பேசிவிட்டுப் போவதற்கு அவளுக்கு மட்டும் வேறு வீடா இருக்கிறது.

ஒரே வழிதான் தோன்றியது. படத்தை முடித்துவிடுவது. படம் கைக்கு வந்துவிட்டால் அண்ணி போட்டோ கேட்க மாட்டாள். கவுன் அலமாரிக்குப் போகும், வாண்டு தெருவுக்குப் போவாள். மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கூடத்துப் போட்டோவின் பிரதி, மறு பக்கம் தான் எடுத்தவை. தாடையும் கன்னமும் தடையில்லாமல் வந்தன. கண்ணுக்கு வந்தபோதுதான் கை நின்றது. பட்டுவின் கண்ணை நினைத்துப் பார்த்தாள், வாண்டுவின் கண் வந்தது. பட்டுவின் சிரிப்பை நினைத்துப் பார்த்தாள், மூடிய வாய் வந்தது. பழைய போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மங்கலாக, முகம் வெளிறி, அதுதான் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளைபோல் இருந்தது. நல்ல போட்டோ மனசிலிருந்த முகத்தைத் துடைத்துவிட்டது. தூக்கி வளர்த்த பிள்ளையின் முகத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று அவள் அன்று தூரிகையைப் போட்டுவிட்டு அழுதாள்.

ஆனாலும் விடாமல் வரைந்தாள். வர்ணம் தீர்ந்து கடைக்குப் போய்விட்டு ஒரு மத்தியானம் திரும்பி வந்தபோது, கூடத்துச் சுவரில் பழைய போட்டோ இல்லை. அந்த இடத்தில், அதே ஆணியில், புதிய சட்டத்துக்குள் அந்த இரண்டாவது ஞாயிறு எடுத்தது இருந்தது. மஞ்சள் கவுன், நெற்றியில் நேரான முடி, கண்ணில் ஜன்னல். ஸ்டூடியோவில் கொடுத்து அண்ணி பெரிதாக்கி வந்திருந்தாள். கேமராவிலிருந்து எப்போது எடுத்தாளோ தெரியாது. கீழே, பழைய போட்டோவுக்கு வைத்திருந்த பூ அப்படியே புதியதற்கு வைத்திருந்தது.

"இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம்மா," என்றாள் அண்ணி. குரலில் அவ்வளவு பாசம். "படம் எதுக்கு? இதுவே போதும். பட்டு இவ்வளவு தெளிவா நமக்கு எங்க கிடைச்சா?"

அண்ணன் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அந்தச் சுவரைப் பார்க்காமல்தான் இருந்தான். அண்ணி, அது வாண்டு, உயிரோடு இருக்கிற பிள்ளை, அதற்குப் போய்ப் பூ வைக்கலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஊருக்கெல்லாம் நீளுகிற வாய், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. வர்ணப் பொட்டலத்தோடு மாடியேறிப் போய் உட்கார்ந்தாள். போட்டோ எடுக்கும் பேச்சு அத்தோடு நின்றது. படிகளில் யாரும் ஏறி வரவில்லை. அண்ணி வேலைக்கு நடுவில் கூடத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. வாண்டு அதே கூடத்தின் மறு மூலையில் வீட்டுப்பாடம் எழுதினாள். அவளைப் பார்க்க ஆள் இல்லை.

வாரக் கடைசியில், பள்ளிக்கூடம் விட்ட கையோடு, வாண்டுவுடன் படிக்கிற ஒரு பெண், எதிர்த் தெருக்காரி, புத்தகம் வாங்க வந்தாள். அத்தைக்காரி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். அண்ணி வந்த பிள்ளைக்கு ஒரு டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். அந்தப் பெண் சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏய், இது நீதானே?"

"இல்ல," என்றாள் வாண்டு, உதட்டுக்குள்ளேயே. "எங்க அக்கா. செத்துப்போயிட்டா."

"உன் போட்டோ எங்க?"

வாண்டு யோசித்தாள். "எனக்கு இன்னும் எடுக்கல."

பால் டம்ளர் கீழே விழவில்லை. அண்ணி அதை மெதுவாகக் குனிந்து தரையில் வைத்தாள். வந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அண்ணி சுவருக்குப் போனாள். எம்பிச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். கீழே இருந்த பூ உதிர்ந்தது. சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மகளின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்படிச் சொல்லாதடி. இது பட்டு இல்ல. இது நீ. நீ என் எதிர்லதானே நிக்கற."

அத்தைக்காரி படியிலேயே நின்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்துவிட்டது, விடுதலை வந்துவிட்டது என்று நினைத்தாள். மூன்று மாதமாகச் சொல்ல நினைத்து விழுங்கியதை அண்ணி தானாகவே சொல்லிவிட்டாள். இனி பிள்ளை ஓடிப்போய் அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தாள்.

வாண்டுவின் முகம் வெளுத்துவிட்டது. சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தாள், அம்மா கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தாள். எங்கே தப்புச் செய்தோம் என்று தேடுகிற பார்வை.

"நான் அசையவே இல்லயேம்மா," என்றாள். "அத்தைகிட்ட கேளு. வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கண்ணு, நான் அதைச் சொல்லலடி..."

"இன்னொரு தடவை உக்காரறேன். இந்தத் தடவை சரியா வரும்."

சொல்லிவிட்டு அவள் கூடத்து ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். தோளைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பினாள். பள்ளிக்கூடச் சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வாயை இறுக்கி மூடினாள். நல்ல வெளிச்சம், ஒரே பக்கத்திலிருந்து. அண்ணி முழங்காலால் நகர்ந்து போய் அவள் கையைப் பிடித்தாள். வாண்டு, வாண்டு என்று கூப்பிட்டாள். போதும் இறங்கு, அம்மாவைப் பாரு என்று கெஞ்சினாள். பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தலைக்கு மேலாக, படியில் நின்ற அத்தைக்காரியைத்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தைக்காரியின் கையில் கேமரா இல்லை.

"இறங்கி வாடி," என்றாள் அத்தைக்காரி.

"பேச வைக்காத அத்தை," என்றாள் வாண்டு, உதட்டை அசைக்காமல். "முதல்ல எடு."